முன் சென்று இடம் பார்த்தவன்

சென்ற திங்கள் நம் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் நிலநடுக்கத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். நிலவியல் முதுகலை வகுப்பில் கற்பதைத் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும் என்னும் ஆசையே என்னைப் பேச வைத்தது. நான் பயன்படுத்திய ஆங்கில நூலில், சிறிய அதிர்ச்சிகள் சில வேளைகளில் பேரதிர்ச்சிக்கு 'ஹார்பிஞ்சர்' ஆக அமைகின்றன என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதனை நான், "சிற்றதிர்ச்சிகளே பேரதிர்ச்சிக்குக் காரணம்" என்று சற்றும் தயங்காமல் தமிழாக்கி விட்டேன்.

கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக் கொண்டிருக்கையில், வரலாறு பயிலும் நண்பர் ஒருவர் அருகில் வந்து, "ஹார்பிஞ்சர் என்றால் காரணமா, அறிகுறியா, தூதனா? எது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்காலம் முதல் கண்ணில் பட்டு வந்த சொல். தேர்வுத் தாளிலும் எழுதியிருக்கிறேன். ஆயினும் அதன் பொருளை ஒருநாளும் உசாவியதில்லை. மறுநாள் நூலகத்தில் அகராதிகளின் முன் அமர்ந்தேன். ஒரு பிற்பகலில் முடியும் என்று எண்ணிய வேலை ஒரு வாரத்தை விழுங்கி விட்டது. அங்குக் கண்டவற்றுள் நம் மாணவர்களுக்குச் சுவை பயப்பனவற்றை ஈண்டுத் தொகுத்துத் தருகிறேன்.

படையும் புகலிடமும்

இன்று ஹார்பிஞ்சர் என்றால் 'வரப்போவதை முன்னறிவிப்பது' என்பதே பொருள். வேனிலுக்கு ஒரு மலர், மழைக்கு ஒரு பறவை, போருக்கு ஒரு வதந்தி, இவையெல்லாம் ஹார்பிஞ்சர்கள். ஆனால் இச்சொல் பிறந்தபோது அதில் அறிவிப்பும் இல்லை; முன்செலவும் இல்லை. இருந்தவை இரண்டே: ஒன்று படை, மற்றொன்று தங்குமிடம்.

பழைய செருமானியக் கிளைமொழிகளில் 'ஹெரி' என்பது படையைக் குறித்தது. 'பெர்கா' என்பது காத்தல், மறைத்தல் என்னும் பொருளுடைய வினையோடு உறவுடையது. அது புகலிடத்தைக் குறித்தது. இரண்டும் சேர்ந்த 'ஹெரிபெர்கா' என்னும் தொகைச்சொல் படை தங்குமிடம் என்று பொருள்பட்டது. நம் பழைய மொழியில் சொன்னால் பாசறை, பாடிவீடு.

இந்த இரு வேர்களும் வேறு பல சொற்களில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. செருமனி நாட்டில் படைக்கு இன்றும் 'ஹேர்' என்றே பெயர். அந்நாட்டுக் கோமகனுக்குரிய 'ஹெர்ட்சோக்' என்னும் பட்டம் படை நடத்துவோன் எனப் பொருள்பட்டது. இங்கிலாந்தில் ஹெரிஃபோர்டு என்னும் ஊர் 'படை ஆற்றைக் கடக்கும் துறை'. பெர்கா என்னும் வேரையோ, பழைய போர்வீரர் கழுத்தைக் காக்க அணிந்த 'ஹாபெர்க்' என்னும் கவசப் பெயரில் காணலாம். அரசனின் ஆணையை முழங்கும் 'ஹெரால்டு' என்பானும் இந்த ஹெரிக் குடும்பத்தைச் சேர்ந்தவனே என்பர் சொல்லாராய்ச்சியாளர். ஆகவே ஹெரால்டும் ஹார்பிஞ்சரும் தலைப்பகுதியில் உடன்பிறந்தவர்கள்; ஒருவன் படையை ஆண்டவன், மற்றொருவன் படைக்கு இடம் தந்தவன்.

படை எப்போதும் போரிட்டுக் கொண்டிருப்பதில்லை. பாசறை நாளடைவில் வழிப்போக்கரும் தங்கும் இடமாயிற்று. ஹெரிபெர்கா என்னும் சொல் படையை உதறிவிட்டு விடுதியை மட்டும் வைத்துக் கொண்டது. பிரெஞ்சு மொழியில் அது 'ஓபெர்ஜ்' ஆயிற்று. இத்தாலியில் 'அல்பெர்கோ' ஆயிற்று. ஸ்பானிய மொழியில் 'அல்பெர்கே' ஆயிற்று. மூன்றுக்கும் விடுதி என்பதே பொருள். ஐஸ்லாந்து மொழியில் 'ஹெர்பெர்கி' என்றால் வெறுமனே ஓர் அறை. ஒரு பெரும்படை இறங்கிய இடம் கடைசியில் ஒருவன் படுத்துறங்கும் நான்கு சுவராகச் சுருங்கிவிட்டது!

செருமனியில் ரிச்சர்டு ஷிர்மன் என்னும் ஆசிரியர், கால்நடையாக நாடு சுற்றும் மாணவர் குறைந்த செலவில் தங்குவதற்கென ஆல்டெனா கோட்டையில் 1912-இல் நிலையான விடுதி ஒன்றைத் திறந்தார். உலகெங்கும் பரவிய இளைஞர் விடுதி இயக்கத்தின் தொடக்கம் அது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'யூகென்ட்ஹெர்பெர்கெ'. படைவீரனுக்குப் பிறந்த சொல் ஆயிரம் ஆண்டு கடந்து மாணவனிடம் வந்து சேர்ந்தது.

இவ்வகை மாற்றம் நமக்குப் புதிதன்று. பாளையம் என்பதும் முதலில் படை இறங்கிய இடந்தான். இன்று மேட்டுப்பாளையத்திற்குப் பயணச்சீட்டு வாங்குபவர் எவரும் படையை நினைப்பதில்லை. இலத்தீன் மொழியில் பாசறையைக் குறித்த 'காஸ்ட்ரா' என்னும் சொல்லே மான்செஸ்டர், வின்செஸ்டர் முதலிய ஆங்கில ஊர்ப்பெயர்களின் ஈற்றில் ஒளிந்திருக்கிறது.

கப்பல் துறையைக் குறிக்கும் 'ஹார்பர்' என்னும் ஆங்கிலச் சொல்லும் இதே வேர்களின் வழி வந்ததே. முதலில் அதற்கும் தங்குமிடம் என்றுதான் பொருள். கப்பல் பின்னரே வந்து சேர்ந்தது. அதன் வினைவடிவில் பழைய பொருள் இன்னும் அழியவில்லை. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், குற்றவாளிக்குப் புகலிடம் தருதலை இச்சொல்லாலேயே குறித்தது.

இடையில் தோன்றிய மெல்லெழுத்து

பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துள் புகுந்தபோது இச்சொல்லின் வடிவம் ஏறத்தாழ 'ஹெர்பெர்ஜர்' என்றிருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் அதற்கு 'விருந்தினர்க்கு இடம் தருபவன்', அதாவது விடுதிக்காரன் என்பதே பொருள். இச்சொல்லில் இன்று நாம் ஒலிக்கும் ஞகரம் அன்று இல்லை. பதினைந்தாம் நூற்றாண்டில்தான் அது இடையே வந்து புகுந்தது.

இது தனி ஒரு சொல்லுக்கு நேர்ந்த விபத்தன்று. செய்தி கொண்டு செல்பவன் பிரெஞ்சில் 'மெசாஜே', ஆங்கிலத்தில் 'மெசெஞ்சர்'. பயணி பிரெஞ்சில் 'பாசாஜே', ஆங்கிலத்தில் 'பாசெஞ்சர்'. நம் ஊர்ப் பாசஞ்சர் வண்டியின் நடுவே அமர்ந்திருக்கும் அந்த ஞகரமும் இவ்வாறு சீட்டில்லாமல் ஏறியதே. தெருத் துப்புரவாளரைக் குறித்த 'ஸ்காவெஞ்சர்' என்பதும் முன்னர் ஞகரமின்றி 'ஸ்காவஜர்' என்றிருந்தது. 'நைட்டிங்கேல்' என்னும் பறவைப் பெயரிலும் மெல்லொலி இடையில் தோன்றியதே.

இதனைப் படித்தபோது எனக்கு நம் இலக்கணம் நினைவுக்கு வந்தது. மா என்பதனோடு சோலை சேர்ந்தால் மாஞ்சோலை. காய் சேர்ந்தால் மாங்காய். சகரத்தின் முன் ஞகரமும், ககரத்தின் முன் ஙகரமும் தோன்றுகின்றன. வல்லெழுத்துக்கு முன் அதன் இனமான மெல்லெழுத்துத் தோன்றுதல் என்று நாம் பள்ளியில் படித்தோம். ஆங்கிலத்தில் இதற்கு விதி வகுத்தார் இல்லை. தமிழில் இது புணர்ச்சி விதி. இரண்டும் ஒன்றென்று நான் கூறவில்லை. ஆயினும் வல்லொலியை எடுக்குமுன் அதே இடத்தில் மூக்கொலி எழுவது நாவுக்கு எளிது என்பதை இரு மொழி பேசுவோரும் காட்டிவிட்டனர்.

அரசன் வருகிறான்

விடுதிக்காரனாக இருந்தவன் முன்செல்பவனாக மாறியது எவ்வாறு? விடை இடைக்கால அரசர்களின் வாழ்க்கையில் இருக்கிறது. அந்நாளைய அரசர் ஒரே அரண்மனையில் அமர்ந்திருக்கவில்லை. பரிவாரத்தோடு ஊர் ஊராகச் சென்று கொண்டேயிருந்தனர். அமைச்சர், எழுத்தர், சமையற்காரர், குதிரைக்காரர், வேட்டைநாய்க்காரர் எல்லாரும் உடன் செல்வர். ஒரு சிற்றூரில் மாலையில் இத்தனை பேர் வந்து இறங்கினால் படுக்க இடம் எங்கே? ஆகவே ஒருவன் முன்னதாகவே சென்று வீடுகளைப் பார்த்து, 'இது இன்னாருக்கு' என்று ஒதுக்க வேண்டியிருந்தது. அவனே ஹார்பிஞ்சர். ஒதுக்கிய வீட்டின் கதவில் சுண்ணக் கட்டியால் அடையாளம் இடுவது வழக்கம்.

நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் வண்டி நிற்குமுன்பே சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பாரே, அவரை நினைத்துக் கொண்டால் போதும். துண்டுக்குப் பதில் சுண்ணக் கட்டி, அவ்வளவே வேறுபாடு.

இடம் பார்க்க வந்தவன் ஊருக்குள் நுழைந்ததும் ஊரார் என்ன நினைப்பர்? 'அரசன் வரப்போகிறான்' என்று அறிந்து கொள்வர். அவன் வாய் திறக்கவே வேண்டியதில்லை. அவன் வருகையே செய்தியாகிவிடும். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் இயற்றிய கேன்டர்பரிக் கதைகளுள் வழக்கறிஞர் சொல்லும் கதையில் இது தெளிவாக அமைந்திருக்கிறது. அல்லா என்னும் மன்னன் ரோமாபுரிக்கு யாத்திரை வருகிறான். அவனுக்கு முன்னே சென்ற ஹார்பிஞ்சர்களால் அவன் வருகை நகரெங்கும் பரவிவிடுகிறது. இடம் பார்த்தல் என்னும் தொழிலுக்கும் முன்னறிவித்தல் என்னும் பயனுக்கும் இடையிலுள்ள பாலத்தை இக்கதையிலே காண்கிறோம். பதினாறாம் நூற்றாண்டில் அந்தப் பாலத்தைக் கடந்து சொல் அக்கரை சேர்ந்துவிட்டது. அரசனும் இல்லாமல், வீடும் இல்லாமல், 'முன்னே வருவது' என்னும் பொருளில் அது வழங்கலாயிற்று.

பிரெஞ்சு மொழியிலும் இதே பயணம் நிகழ்ந்தது. 'ஃபூரியே' என்பவன் முதலில் குதிரைத் தீவனமும் பின்னர்த் தங்குமிடமும் தேடித் தந்த படை அலுவலன். அந்தச் சொல்லும் பின்னாளில் 'வரப்போவதற்கு வழிசெய்பவன்' என்னும் உருவகப் பொருளைப் பெற்றது. சொல் வேறு, தொழில் ஒன்று, பொருள் சென்ற பாதையும் ஒன்று.

சொல் உருவகமாகிவிட்ட பின்னும் பதவி மட்டும் விடாப்பிடியாக இருந்தது. இங்கிலாந்து அரண்மனையில் ஹார்பிஞ்சர் என்னும் பதவி 1846 வரை நீடித்தது.

இந்தப் பதவியால் ஊரார் மகிழ்ந்தார்கள் என்று எண்ண வேண்டா. கதவில் குறி விழுந்தால் வீட்டுக்காரன் இடம் விட்டே ஆக வேண்டும். இதற்கு இணங்காத ஒருவரின் கதையை அந்நாட்டார் இன்றும் விரும்பிச் சொல்வர். 1683-இல் இரண்டாம் சார்லஸ் மன்னன் வின்செஸ்டருக்கு வந்தபோது, அவன் காதலியாகிய நெல் குவின் என்னும் நடிகைக்கெனத் தாமஸ் கென் என்னும் பாதிரியாரின் வீட்டை ஹார்பிஞ்சர் ஒதுக்கினான். கென் முடியாதென்று மறுத்துவிட்டார். மன்னன் சினந்து அவரை ஒழித்திருப்பான் என்றுதானே நினைப்போம்? அதற்கு மாறாக, 1684-இல் பாத்–வெல்ஸ் மறைமாவட்டத்தின் ஆயர் பதவி காலியானபோது, தன் காதலிக்கு இடம் தர மறுத்த அந்த மனிதரையே தேடிப் பிடித்து நியமித்தான்.

எல்லாருக்கும் அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. படைவீரரைக் குடிமக்கள் வீட்டில் கட்டாயமாகத் தங்க வைத்ததை எதிர்த்து ஆங்கிலப் பாராளுமன்றம் 1628-ஆம் ஆண்டின் உரிமை விண்ணப்பத்தில் முறையிட்டது. அமெரிக்கக் குடியேற்ற நாடுகளில் 1765-இல் வந்த படைத்தங்கல் சட்டம் மக்கள் மனத்தைப் புண்படுத்தியது. அதனால்தான் 1791-இல் ஏற்கப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் மூன்றாவது திருத்தம், அமைதிக் காலத்தில் வீட்டுக்காரரின் இசைவின்றி எந்த வீட்டிலும் படைவீரரைத் தங்கவைக்கக் கூடாது என்று விதித்தது. ஒருவருக்கு இடம் தேடித் தருவது அறம். மற்றவரை வெளியேற்றித் தேடித் தருவது அறமாகாது. சொல்லின் வரலாற்றில் இவ்விரண்டும் கலந்தே கிடக்கின்றன.

நாடகத்தில் ஒரு சொல்

பழைய பொருளை அறியாமல் படித்தால் நாம் எதை இழப்போம் என்பதற்கு ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகமே போதிய சான்று. போரில் வென்ற மாக்பெத்தின் கோட்டைக்கு விருந்தினனாக வருவதாக டங்கன் மன்னன் அறிவிக்கிறான். உடனே மாக்பெத், தானே ஹார்பிஞ்சராக முன்சென்று தன் மனைவியை மகிழ்விப்பதாகக் கூறி விடைபெறுகிறான்.

நான் முதலில் படித்தபோது, 'செய்தி சொல்ல முந்திப் போகிறான்' என்று எண்ணிக் கடந்துவிட்டேன். உண்மையில் அவன் சொல்வது, 'தங்களுக்குப் படுக்கை அமைக்கும் பணியாளனாக நானே செல்கிறேன்' என்பது. தளபதி ஒருவன் மன்னன்பால் காட்டும் மிகப் பெரிய பணிவு அது. ஆனால் அவன் நெஞ்சிலோ அக்கணமே கொலை எண்ணம் முளைத்துவிட்டது. மன்னனுக்கு அவன் அமைக்கப்போகும் படுக்கை எத்தகையது என்பது நாடகம் பார்ப்போர்க்குச் சற்று நேரத்தில் விளங்கிவிடும். பின்னர்க் கோட்டையை அடைந்த டங்கன், மாக்பெத்துக்கு முன்னே வந்து தானே அவனுக்கு உணவு சேகரிக்கும் அலுவலனாக இருக்க எண்ணியதாக வேடிக்கையாகச் சொல்கிறான். அதுவும் அரசப் பரிவாரத்திற்கு முன்செல்லும் மற்றொரு பதவியே. மன்னனும் கொலைகாரனும் ஒருவருக்கொருவர் பணியாளராக நடிக்கும் இந்த நயம், ஹார்பிஞ்சர் என்றால் வெறும் அறிகுறி என்று கொள்வார்க்குப் புலப்படாது.

பறவையும் நிலமும்

இனி என் துறைக்கு வருகிறேன். அதற்கு முன் நம் வளாகத்து மரங்களை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். சூன் திங்களில், வெயில் மண்டையைப் பிளக்கும்போது, கருப்பும் வெள்ளையுமாக, தலையில் கொண்டையுடன் ஒரு பறவை வந்து கூவும். நம் பக்கத்தில் அதனைச் சுடலைக் குயில் என்பர். வடநாட்டார் சாதகம் என்பர். காளிதாசனின் மேகதூதத்திலும் அது வருகிறது. ஆங்கிலப் பறவை நூல்கள் அதனைப் பருவமழையின் ஹார்பிஞ்சர் என்றே வழங்கும். வட இந்தியாவுக்கு வருவன ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து, பருவக்காற்றின் போக்கில் வருபவை. தென்னாட்டிலோ இவ்வினத்தின் ஒரு பிரிவு ஆண்டு முழுதும் தங்கியிருக்கிறது. ஆகவே தில்லியில் மழையின் முன்னறிவிப்பாளனாக மதிக்கப்படும் பறவை நம் ஊர்ப் பக்கம் வெறும் அண்டை வீட்டுக்காரன்.

அப்பறவை மழையை உண்டாக்குகிறதா? இல்லை. மழையைக் கொணரும் காற்றே பறவையையும் கொணர்கிறது. மழைக்குப் பின் பெருகும் புழுக்களே அதற்கும் தேவை. ஒரே ஏற்பாட்டில் ஒன்று முந்தியும் மற்றொன்று பிந்தியும் வருகின்றன. ஹார்பிஞ்சர் அரசனை உண்டாக்குவதில்லை. அரசன் புறப்பட்டுவிட்டதால் அவனும் புறப்பட்டான். என் மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழை இதுவே.

நிலநடுக்கத்திலோ செய்தி இன்னும் நுட்பமானது. பேரதிர்ச்சிக்கு முன்வரும் சிற்றதிர்ச்சிகளை முன்னதிர்ச்சிகள் என்கிறோம். அவை பாறையில் அழுத்தத்தை மாற்றி, ஒன்றையடுத்து ஒன்றாகத் தூண்டிப் பேரதிர்ச்சியை விளைவிக்கின்றன என்பார் ஒரு சாரார். ஆழத்தில் நிகழும் மெதுவான நகர்வின் வெளிப்பாடே அவை என்பார் மற்றொரு சாரார். முதற்சாராரின் கருத்துப்படி அவை காரணத்தின் ஒரு பகுதி. இரண்டாம் சாராரின் கருத்துப்படி அவை வெறும் அறிகுறி. எனவே நூலாசிரியர் 'காரணம்' என்னாமல் 'ஹார்பிஞ்சர்' என்று எழுதியது சோம்பலால் அன்று, தெளிந்த எச்சரிக்கையால். அந்த எச்சரிக்கையை நான் தமிழில் கொட்டிக் கவிழ்த்து விட்டேன்.

இன்னும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு சிற்றதிர்ச்சி நிகழும்போது அது முன்னதிர்ச்சிதானா என்று கூற இயலாது. பேரதிர்ச்சி வந்த பின்னரே முந்தியதற்கு அப்பெயர் சூட்டுகிறோம். சீனாவின் ஹைச்செங் பகுதியில் 1975 பிப்ரவரி 4-ஆம் நாள் 7.3 அளவுள்ள நிலநடுக்கம் நேர்ந்தது. அதற்கு முன் சிற்றதிர்ச்சிகள் அடுத்தடுத்து வந்தமையால் மக்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். பெருந்தொகையினர் உயிர் பிழைத்தனர். முன்னறிவிப்பை வென்றுவிட்டோம் என்று அறிவியலார் பலர் நம்பினர். அடுத்த ஆண்டு, 1976 சூலை 28-ஆம் நாள், அதே நாட்டின் டாங்ஷான் நகரில் விடியுமுன் நிலம் அதிர்ந்தது. அத்தகைய முன்னதிர்ச்சிகள் அங்கு வரவில்லை. அரசின் கணக்குப்படியே இறந்தோர் 2,40,000-க்கும் மேற்பட்டோர்.

அரசன் சில வேளை ஹார்பிஞ்சரை அனுப்பாமலேயே வந்து விடுகிறான். வேறு சில வேளை ஹார்பிஞ்சரைப் போல் ஒருவன் வந்து போகிறான். அரசன் வருவதே இல்லை. ஓராண்டு இடைவெளியில் இரு நகரங்கள் பெற்ற பாடம் இது. இச்சொல்லை நம் மொழியில் பெயர்ப்பவர் இதனை மறத்தல் ஆகாது.

தமிழில் என்ன சொல்வது?

நண்பர் கேட்ட கேள்விக்கு இன்னும் விடை கூறவில்லை. பொருத்தமான தமிழ்ச் சொல் யாது? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முன்னோடி என்பது உடனே நாவில் வரும். ஆனால் முன்னோடிக்குப் பின்னே வருவோர் அவன் வழியைப் பின்பற்றுவோர், அவனே முதல்வன். ஹார்பிஞ்சருக்குப் பின்னே வருபவனோ அவனினும் பெரியவன். தூதன் என்றால் ஒருவரிடம் செய்தி சொல்லி, விடை பெற்று மீள்பவன். ஹார்பிஞ்சர் மீள்வதில்லை, வருபவனுக்காகக் காத்திருக்கிறான். தூசி என்னும் முன்படை முன்னே செல்லும். ஆனால் அதன் வேலை போர். நிமித்தம், சகுனம் என்பனவற்றில் நம்பிக்கையின் சாயல் ஏறியிருக்கிறது. தொல்காப்பியம் வெட்சித் திணையில் கூறும் விரிச்சியும், போர்க்கு முன் அயலார் வாய்ச்சொல்லைக் கேட்டு நன்மை தீமை அறிவதே. அஃது அறிவியல் கட்டுரைக்கு ஒவ்வாது.

கட்டியம் கூறுதல் என்பது அருகில் வருகிறது. கட்டியக்காரன் அரசனின் புகழையும் வருகையையும் உரத்துச் சொல்பவன். கூத்திலும் அவனே முதலில் மேடையேறுகிறான். 'வேனிலுக்குக் கட்டியம் கூறும் மலர்' என்றால் கேட்கவும் இனிமையாக இருக்கிறது. இலக்கியத்தில் அதனைத் தயங்காமல் ஆளலாம். அறிவியலில் 'முன்குறி' என்பதே போதும் என்பது என் கருத்து. அது காரணம் என்றும் சொல்லாது, வந்தே தீரும் என்றும் சொல்லாது. பழைய அரண்மனைப் பதவியைக் குறிக்க வேண்டுமானால் 'இடம் பார்ப்பவன்' என்று நம் வீட்டுத் தமிழிலேயே எழுதிவிடலாம். என் கூட்ட வாக்கியத்தை இவ்வாறு திருத்திக் கொள்கிறேன்: "சிற்றதிர்ச்சிகள் சில வேளைகளில் பேரதிர்ச்சியின் முன்குறியாக அமைகின்றன."

நம்மிடையே ஒரு பதவி

இவ்வளவோடு கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் 'இடம் பார்ப்பவன்' என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. இந்தத் தொழில் 1846-இல் ஒழிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வேன்? இத்தலைநகருக்கு நான் வந்து சேர்ந்ததே ஓர் இடம் பார்ப்பவரால் அல்லவா?

ஈராண்டுகளுக்கு முன் தமிழ்நாடு எக்ஸ்பிரசில் ஒரு பெட்டியும் ஒரு பாயுமாக வந்து இறங்கினேன். இந்தியில் பத்துச் சொல் தெரியாது. வேதியியல் துறையிலிருந்த நம் சங்கத்து அண்ணன் ஒருவர் நிலையத்திற்கே வந்திருந்தார். அதற்கு முன் ஒரு வாரம் அவர் முனீர்க்காவில் படியேறி இறங்கி எனக்கோர் அறை பார்த்து வைத்திருந்தார். மீன் சமைப்போமா, ஊரிலிருந்து எத்தனை பேர் வந்து தங்குவர் என்று வீட்டுக்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் என் சார்பில் அவரே விடை கூறியிருந்தார். சாவியோடு ஒரு துண்டுத் தாளையும் தந்தார். குழாயில் நீர் வரும் நேரம், தயிர் கிடைக்கும் கடை, வாடகை கொடுக்க வேண்டிய நாள், இவ்வளவும் அதில் இருந்தன. அந்தத் தாள் இன்றும் என்னிடம் உள்ளது.

சென்ற ஆண்டு சூலையில் அந்த முறை எனக்கு வந்தது. புதிதாக வரும் தம்பி ஒருவருக்கு அறை பார்க்குமாறு சங்கத்தார் சொன்னார்கள். செய்முறைப் பதிவேட்டை முடிக்கும் அவசரம் எனக்கு. 'வந்த பிறகு பார்த்துக் கொள்ளலாம்' என்று இருந்துவிட்டேன். அவர் வந்து இரண்டு இரவு நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் பெட்டியின் மேல் தலை வைத்துப் படுத்திருக்கிறார். மூன்றாம் நாள் நான் சென்று பார்த்தபோது, "பரவாயில்லை அண்ணே, நீங்கள் வேலையாக இருப்பீர்கள் என்று நினைத்தேன்" என்றார். கடிந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அரசனுக்கு முன்னே சென்றவன் சுண்ணக் கட்டியால் பிறர் கதவில் குறியிட்டான். அவன் பின்னால் படை இருந்தது. நம்மிடம் அஃது இல்லை. கதவைத் தட்டிக் கேட்கிறோம். இல்லையென்றால் அடுத்த கதவுக்குப் போகிறோம். கென் பாதிரியாரைப் போல் மறுக்க எவருக்கும் உரிமை உண்டு. நாம் செய்யக் கூடியது, புதியவர் கேட்க வேண்டிய கதவுகளில் பாதியை அவர் வருமுன் நாமே தட்டி முடித்திருப்பதுதான்.

வருகின்ற சூலையிலும் நம் ஊர்களிலிருந்து புதியவர்கள் வருவார்கள். இந்த முறை பட்டியலில் என் பெயரை முதலில் எழுதிவிட்டேன். ஒவ்வொரு புதியவருக்கும் ஒருவர் வீதம் வேண்டும். ஒரு வாரம் முன்னதாக அறை பார்க்கவும், வண்டி வரும் நாளில் நிலையத்திற்குச் செல்லவும் இசைவோர் தேர்வு முடிந்ததும் சங்கச் செயலாளரிடம் பெயர் தருக. நீர் வரும் நேரமும் தயிர்க்கடையும் எழுதிய தாளின் படிகளை நான் எடுத்துத் தருகிறேன். உங்கள் பகுதிக்கு ஏற்பத் திருத்திக் கொள்ளலாம்.